தடை சொல்லாத ஞாயிறு

உலகத்தில் ஆவிக்குரிய எழுப்புதல்கள் எத்தனையோ நடந்திருக்கின்றன. ஆனால் 1931ஆம் ஆண்டு பெங்களூர்ப் பட்டாளத் தண்டில், எங்கள் சபை மூப்பர்கள் பன்னிரண்டு பேரும் மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தார்களே, அதற்கு ஈடாக ஒன்றைச் சொல்ல முடியாது. அந்தப் பன்னிரண்டு வாய்களையும் அறிந்தவர்கள் ஒப்புக்கொள்வார்கள்.

யோசனை எங்கள் பாதிரியார் தியோடர் ஐயருடையது. சபையை மேய்க்க வந்து, மூப்பர்களால் மேய்க்கப்படுகிற சாது.

"மூப்பர்களுக்கு ஒரு ரிட்ரீட் வைக்கலாம்னு நெனைக்கிறேன்," என்றார்.

பட்டாளத்துச் சப்ளை ஆபீசில் ஹெட் கிளார்க்காயிருந்து பென்ஷன் வாங்கிய டென்சில் மூப்பர் துள்ளி எழுந்தார். அவர் கண்ட போர்க்களமெல்லாம் அரிசி மூட்டைகள்தான்.

"ரிட்ரீட்டா? நம்ம ரெஜிமெண்ட் பின்வாங்கினதா சரித்திரமே கெடையாது, ஐயரே!"

"பின்வாங்கறதில்லீங்க. ஒதுங்கி இருந்து ஜெபிக்கிறது. மௌனமா."

"யாரு மௌனமா?"

"நீங்கதாங்க."

கமிட்டி இந்த "மௌனத்தை"ப் பற்றி நாலரை மணி நேரம் பேசியது. தபாலாபீஸ் அலெக்சாண்டர் மூப்பர் மட்டும் ஒன்றேகால் மணி எடுத்துக்கொண்டார். முடிவில் தீர்மானம்: லிங்கராஜபுரத்து மாந்தோப்பில் முகாம், வெள்ளி காலையிலிருந்து ஞாயிறு ஆராதனை முடியும்வரை மௌனம், இடையில் பேசுகிறவர் ஒரு வருஷத்துக்கு மூப்பர் பதவியைத் துறக்கக்கடவர். அந்தக் "கடவர்" டென்சிலின் கைங்கரியம். அலெக்சாண்டர் சனிக்கிழமைக் காப்பியைத் தாண்டமாட்டார் என்பது அவருடைய விசுவாசம். டென்சிலைப் பற்றி அதே விசுவாசத்தோடு அலெக்சாண்டர் வழிமொழிந்தார்.

இங்கே பெட்டி என்கிற பெண்ணைப் பற்றிச் சொல்லவேண்டும். என் தங்கை மகள். சபைப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். அங்கேயே வாத்தியாராயிருந்த நோயலைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டாள். எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கவேண்டும். ஒவ்வொரு முறையும் ஐயர், தடை உண்டா என்று சபையைக் கேட்பார். நோயலின் தகப்பனார் பூட்ஸ் தைக்கிறவர். ஆகவே இரண்டு தடவை மூன்றாம் ஓலையில் மூப்பர்கள் எழுந்து தடை சொன்னார்கள். முதல் தடவை, நோயலின் ஞானஸ்நானப் பதிவைக் கறையான் தின்றிருந்தது. அடுத்த தடவை, பெட்டி அவனைவிட நாலு மாசம் பெரியவள்.

"ஜாதி பார்க்கிறீங்களா?" என்று டென்சிலைக் கேட்டேன்.

"சேச்சே! கிறிஸ்துவுக்குள்ள ஜாதி ஏது, டோரதியம்மா? பந்திதான் வேற."

இதற்குள் நோயலுக்கு ரங்கூனில் வேலை கிடைத்துவிட்டது. மாசக் கடைசியில் கப்பல். இந்த முறையும் ஓலை நின்றால் அவன் தனியாகத்தான் ஏறவேண்டும்.

மறுபடி ஆரம்பித்து, இரண்டு ஓலை வாசித்தாயிற்று. மூன்றாவது, முகாம் முடிகிற ஞாயிறு. அந்தத் தேதியை ஐயருக்கு எடுத்துக்கொடுத்தது நான்தான் என்று சிலர் சொல்கிறார்கள். பெண்களுக்குக் கமிட்டியில் இடம் கிடையாது. காலண்டர் பார்க்க யாரும் தடுக்கவில்லை.

ஞாயிறு காலை மூப்பர்கள் ஜட்காக்களில் வந்திறங்கி, முன்வரிசையில் பரிசுத்தமாக உட்கார்ந்தார்கள். பாட்டுக்குக்கூட வாய் திறக்கவில்லை. அன்று பாட்டு நன்றாக இருந்தது.

ஐயர் ஓலையை எடுத்தார். "நோயலுக்கும் பெட்டிக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது. இது மூன்றாம் ஓலை. தடை உண்டானால் இப்போதே சொல்லுங்கள்."

டென்சில் அலெக்சாண்டரை முழங்கையால் இடித்தார். அலெக்சாண்டர் திருப்பி இடித்தார். பதவியைத் துறந்து சபையைக் காப்பாற்றும் பெரும்பேற்றை இருவரும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்தார்கள். டென்சில் தரையை ஓங்கி ஓங்கி மிதித்தார். நோயலின் தகப்பனார் தைத்த பூட்ஸ். நல்ல தையல், பிரியவில்லை.

"மூப்பருக்குக் கால் மரத்துப்போச்சு போல," என்றேன்.

"சும்மா இரு, பெரியம்மா!" பெட்டி என் கையைக் கிள்ளினாள்.

ஐயர் வழக்கமாக மூன்று எண்ணுமளவு காத்திருப்பார். அன்று மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மாட்டி, பன்னிரண்டு முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு, "தடை இல்லை," என்று ஓலையை மடித்தார்.

கடைசி ஆமென் அடங்குமுன் டென்சில் பாய்ந்தார்.

"ஐயரே! தடை இருக்குது!"

"இருந்துச்சுங்க," என்றார் ஐயர்.

புதன்கிழமை கல்யாணம். பிரியாணி என்று கேள்விப்பட்டு, "வேறு பந்தி"க்கு டென்சிலும் வந்தார். சாப்பிட்டு முடித்து என்னிடம் முறையிட்டார்.

"மௌனமா இருந்தா ஆண்டவர் பேசுவார்னாரு இந்த ஐயர். மூணு நாள் வாயக் கட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன், டோரதியம்மா. ஒரு வார்த்தை பேசலயே!"

"பேசினாரே, மூப்பரே. ஞாயித்துக்கெழம பேசினாரு. இத்தனை வருஷமா அவரு வாயத் தெறக்கிறப்பல்லாம் நீங்கதான் குறுக்கால எந்திரிச்சித் தடை சொல்லிட்டிருந்தீங்க."