ஒரு நிமிடம் முந்திய அலுமாரி

எதையும் எழுதி வைத்துவிட்டால் அது அடங்கிவிடும் என்று நம்புகிறவர்களில் நானும் ஒருவன். பால்காரர் வந்த நேரம், மழை தொடங்கிய நேரம், மனைவி கோபித்த நேரம் (தணிந்த நேரத்துக்குத் தனி நிரல்) எல்லாம் என் நாட்குறிப்புகளில் இருக்கின்றன. இந்தப் பழக்கம் ஒரே ஒரு முறை என்னைக் காவலரண் ஒன்றின் மணல்மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார வைத்தது. அன்று என்னோடு சேர்த்து விசாரிக்கப்பட்டது ஓர் அலுமாரி.

அது யுத்த காலம். எனக்கு இருபத்தேழு வயது. பாலையூற்றிலிருந்து தினமும் சைக்கிளில் திருகோணமலை நகருக்குப் போய் அரச அலுவலகம் ஒன்றில் எழுதுவினைஞராக வேலை பார்த்தேன். எங்கள் தெருவில் கடவுச்சீட்டு வைத்திருந்த எல்லோரும் வெளியே போக வழி பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே வர வழி பார்த்த ஒரே மனிதர் என் மாமா.

மாமா அம்மாவின் தம்பி. கட்டைபறிச்சானில் பிறந்தவர். முப்பது வருடம் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை செய்து, நடுவில் வேறொரு நாட்டின் குடிமகனாகி, அறுபது வயதில் திரும்பி வந்தார். சட்டப்படி அவர் இப்போது வெளிநாட்டவர். துறைமுகத்தைப் பார்த்த மேட்டில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தார். வீட்டுக்காரர்கள் கனடா போய்விட்டார்கள். குசினி யன்னலால் பார்த்தால், வானம் தெளிந்த நாட்களில் கொட்டியாரக் குடாவின் அக்கரை ஒரு கறுப்புக் கோடாகத் தெரியும். அவர் பிறந்த ஊர் அந்தக் கோட்டில் எங்கோ இருந்தது. அப்போது அங்கே போக முடியாது. மாமா தேநீர்க் கோப்பையோடு நின்று அதைப் பார்ப்பார்.

அவருக்கு இரண்டு வழிகள் இருந்தன. சில மாதங்களுக்கு ஒரு முறை கொழும்புக்குப் போய் விசாவை நீட்டிப்பது ஒன்று. அந்தக் காலத்தில் கொழும்புப் பயணம் என்றால் சோதனைக்காக எத்தனை இடத்தில் பஸ்ஸால் இறங்கி ஏறுவது என்பதை விரல்களால் எண்ண முடியாது. மற்றது, பெரிய தொகையொன்றை வெளிநாட்டு நாணயத்தில் வங்கியில் வைப்பிலிட்டு, வருடக்கணக்கில் தங்கும் விசாவை வாங்குவது. கட்டினால் சேமிப்பு முழுவதும் அதற்குள் போய்விடும். பிறகு ஊரை விட்டு ஓட வேண்டி வந்தால், காசு எப்போது கைக்கு வரும் என்று கேட்க ஆளில்லை. அதற்கும் முதலில், அவர் தங்குவதில் ஆட்சேபனை இல்லை என்று அந்தப் பகுதிக்குப் பொறுப்பான கடற்படை அதிகாரியின் கடிதம் வேண்டும். விண்ணப்பம் ஏற்கெனவே அந்த அதிகாரியின் மேசைக்குப் போயிருந்தது.

"நீ எல்லாத்தையும் எழுதிறவன் தானே," என்றார் மாமா. "ஒரு கிழமை இங்க வந்து இரு. செலவு என்ன, ஆபத்து என்ன, கட்டலாமோ ஏலாதோ எண்டு வடிவா எழுதித் தா."

வாழ்க்கையில் ஒருவர் என்னிடம் பட்டியல் கேட்டது அதுவே முதல் தடவை. ஒரு கிழமை லீவு போட்டேன்.

முதல் நாள் பின்னேரமே அந்தச் சத்தம் வந்தது. நீருக்கடியில் யாரும் நீந்தி வந்துவிடக் கூடாதென்று துறைமுகத்துக்குள் கடற்படையினர் இடையிடையே வெடி போடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் பழகிப்போன விஷயம்தான். பாலையூற்றில் அது தூரத்தில் கதவு சாத்துவது போலக் கேட்கும். இந்த வீட்டில் அது காதுக்கு வரவில்லை. உள்ளங்காலுக்கு வந்தது. சீமெந்துத் தரைக்குக் கீழே யாரோ முதுகை நிமிர்த்தியது போல.

"பயப்பிடாதை, எஞ்சின் அறையில இதைவிடச் சத்தம்," என்றார் மாமா. பிறகு எழுந்து போய், நடு அறையில் இருந்த அலுமாரியின் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கதவு இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்திருந்தது.

"அதிர்வில திறக்குதோ?"

"ஓம், அப்பிடித்தான் இருக்கும்."

அது வீட்டுக்காரர்கள் விட்டுப்போன பெரிய முதிரை மர அலுமாரி. உள்ளே ஏழு வெறும் சட்டைத் தாங்கிகளும் பாச்சா உருண்டை வாசமும் மட்டும்தான். கதவு திறந்தால் அந்த ஏழும் ஒன்றோடொன்று தட்டி மெதுவாக ஆடும். காற்றே இல்லாத மத்தியானத்திலும் ஆடும்.

ஆபத்தை அளக்க வேண்டும் அல்லவா? வெடிகளின் நேரத்தைக் குறிக்கத் தொடங்கினேன். என் கைக்கடிகாரம் தினமும் காலை வானொலிச் செய்தியோடு சரிபார்க்கப்பட்டது. (அந்தக் கடிகாரத்தில் எனக்கிருந்த நம்பிக்கை என் அதிகாரியிடம்கூட இருந்ததில்லை.) அலுமாரியும் வீட்டின் அதிர்வுக்கு ஓர் அளவு என்பதால் அதற்கும் ஒரு நிரல் போட்டேன். முதலாவது நிரல் நாள். இரண்டாவது வெடி. மூன்றாவது அலுமாரி.

மூன்றாம் நாள் பட்டியலைப் பார்த்தபோது ஒரு பிழை தெரிந்தது. அலுமாரியின் நேரம் வெடியின் நேரத்துக்கு முந்தியிருந்தது. மாறி எழுதிவிட்டேனென்று நினைத்து, நாலாம் நாள் அலுமாரிக்கு முன்னாலேயே கதிரை போட்டு உட்கார்ந்தேன். காலை பத்து பதினேழுக்குக் கதவு இரண்டு விரல் திறந்தது. ஏழு தாங்கிகளும் ஒவ்வொன்றாக ஆடத் தொடங்கின. வெளியே ஒரு காகமும் இல்லை. பத்து பதினெட்டுக்குத் தரைக்குக் கீழே அந்த முதுகு நிமிர்ந்தது.

"மாமா, இது முந்தியே திறக்குது."

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"சொன்னால் நீ எழுதுவாய்."

எழுதினேன். ஐந்தாம் நாளும் ஆறாம் நாளும் எழுதினேன். ஒவ்வொரு தடவையும் சரியாக ஒரு நிமிடம். எந்த ஒழுங்கும் இல்லாமல் போடப்படும் வெடிகள். அவை எப்போது விழும் என்று துறைமுகத்தில் சிலருக்குத் தெரிந்திருக்கும், இந்த அலுமாரிக்கும் தெரிந்திருந்தது. நான் பயந்தது உண்மை. ஆனால் நிரல் நேராக இருந்ததில் எனக்கிருந்த திருப்தி அந்தப் பயத்தை விடப் பெரிது.

ஏழாம் நாள் பட்டியலை மாமாவிடம் வாசித்தேன். முடிவு: கட்ட வேண்டாம்.

மாமா கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "நீ எழுதினது எல்லாம் சரி. ஆனா பார், இந்த ஆபத்தெல்லாம் இஞ்ச இருக்கிற எல்லாருக்கும் சும்மா கிடைக்குது. நான் ஒருத்தன்தான் காசு குடுத்து வாங்க வேண்டிக் கிடக்கு."

"அதுதான் மாமா, வேண்டாம் எண்டிறன்."

"யோசிப்பம்," என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் பட்டியலுக்குக் கார்பன் தாள் வைத்து மூன்று பிரதி எடுத்தேன். மாமாவுக்கு ஒன்று, எனக்கு ஒன்று, ஆவணக் கோவைக்கு ஒன்று. (என்ன கோவை என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.) மேலே 'துறைமுகப் பகுதி: ஆபத்துப் பட்டியல்' என்று தலைப்பிட்டு அடிக்கோடு போட்டு, கீழே முழுப்பெயர், விலாசம் எழுதிக் கையெழுத்தும் வைத்தேன். தட்டச்சு செய்து எடுக்கலாம் என்று மூன்றையும் பைக்குள் வைத்துக்கொண்டு, நகரத்துக்குப் போகும் வழியில் இருந்த சோதனைச் சாவடியில் சைக்கிளால் இறங்கினேன். பையைத் திறந்து காட்டினேன். அதுவும் சிரித்துக்கொண்டு.

யுத்த காலத்தில், துறைமுக மேட்டிலிருந்து, வெடிகளின் நேரத்தை நிமிடக் கணக்கில் எழுதி, மூன்று பிரதி எடுத்து, காவலரணுக்குத் தானே கொண்டுபோய்க் கொடுத்த ஒருவன் இந்தத் தீவில் நான் மட்டும்தான்.

அவர்களுக்குத் தமிழ் தெரியாததால், சிங்களத்தில் மொழிபெயர்க்கப் பக்கத்து பேக்கரி முஸ்லிம் பெரியவரை, எல்லோரும் நானா என்று அழைப்பவரை, கூப்பிட்டார்கள். கையில் மாவோடு வந்தார். பட்டியலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடியும் பட்டியலைப் பார்த்தார்.

"மகன், உங்களுக்கு ஊட்டில ஆரும் இல்லையா, இப்பிடி எழுதாதேன்னு சொல்ல?"

அதிகாரி வந்தார். என்னை விட இரண்டு வயது கூட இருக்கலாம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, மெதுவான குரல். மாமாவின் விண்ணப்பம் இருந்தது இவருடைய மேசையில்தான். வெடி நிரலைப் பார்த்து அவர் அவ்வளவு கோபப்படவில்லை. சத்தம் எல்லோருக்கும் கேட்கிறதுதானே. அவருடைய விரல் மூன்றாவது நிரலில் நின்றது.

"இவர் கேக்கிறார், அலுமாரின்றது ஆரு?" என்றார் நானா.

"அலுமாரி எண்டால் அலுமாரிதான், நானா."

நானா அதைச் சொன்னார். அதிகாரியின் அடுத்த கேள்வியும் நானாவின் வாயால் வந்தது.

"வெடி போடுறதுக்கு ஒரு நிமிசத்துக்கு முந்தி அலுமாரிக்கு எப்பிடித் தெரியுமாம்? அலுமாரிக்கு ஆரு சொல்றதாம்?"

எழுதும்போது தோன்றாதது அப்போதுதான் எனக்குத் தோன்றியது. எனக்குப் பின்னால் ஓர் ஆள் இருப்பதாக அவர் நினைக்கிறார். அந்த ஆள் கிடைக்கும்வரை நான் வீட்டுக்குப் போகப் போவதில்லை. மாமாவின் கடிதமும் வரப்போவதில்லை.

"வந்து பாக்கச் சொல்லுங்கோ," என்றேன்.

அரை மணித்தியாலத்தில் நடு அறையில் ஐந்து பேர் அலுமாரியைப் பார்த்தபடி இருந்தோம். அதிகாரி, துவக்கோடு ஒரு சிப்பாய், நானா, மாமா, நான். மாமா எல்லோருக்கும் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதிகாரி கைத் தொடர்புக் கருவியை எடுத்து எதையோ சொன்னார்.

நானா என் காதருகே குனிந்தார். "இவர் சொல்லுமட்டும் தண்ணிக்க ஒண்ணும் போட வேணாமாம். பொய் சொல்லியிருந்தா இப்பவே சொல்லுங்க மகன்."

பின்னேர வெயில் தரையில் மெல்ல நகர்ந்தது. கடலில் ஒரு வள்ளச் சத்தமும் இல்லை. மூன்று நாற்பத்தொன்றுக்கு (கடிகாரத்தைப் பார்த்தேன், அந்த நிலையிலும் பார்த்தேன்) கதவு இரண்டு விரல் திறந்தது. முதலாவது தாங்கி ஆடியது. பிறகு இரண்டாவது. பிறகு ஏழும்.

சிப்பாயின் துவக்கு உயர்ந்தது. அதிகாரி கையைக் காட்டி அதை இறக்கினார். கதவருகே போய் உள்ளே பார்த்தார், பின்பக்கம் தட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார். பழைய பலகை, சரிந்த தரை, வேறொன்றுமில்லை, வெடியை நான் நிறுத்திவிட்டேன் என்பது போலக் கையை விரித்தார்.

விரித்த கை அப்படியே நின்றது. தரைக்குக் கீழே, மெல்ல, முழுதாக, அந்த முதுகு நிமிர்ந்தது. ஐந்து கோப்பைகளிலும் தேநீர் வளையம் வளையமாக நடுங்கியது.

அதிகாரி கருவியில் கேட்டார். பதில் வந்தது. மறுபடி கேட்டார். அதே பதில் வந்தது.

"என்ன சொன்னவை, நானா?"

நானா கையிலிருந்த மாவைத் துடைத்துக்கொண்டார். "மகன், அத நான் மொழிபெயர்க்கல்ல."

அதிகாரி கதிரையில் மெதுவாக உட்கார்ந்தார். மாமாவைப் பார்த்து ஒன்று கேட்டார். நானா சொன்னார்: "இந்த ஊட்டில இரிக்கிறத்துக்கா காசு கட்டப் போறீங்கன்னு கேக்கிறார்."

"ஓம்."

"ஏனாம்?"

மாமா குசினி யன்னலைக் காட்டினார். "அந்தா தெரியுது, அது எங்கட ஊர். அங்க போக ஏலாது. பாஸ்போட்டில இருக்கிற ரெண்டு வரியால நான் வெளிநாட்டுக்காரன். பாத்துக்கொண்டு இருக்கிறதுக்கு எண்டாலும் கட்டத்தானே வேணும்."

நானா இதை மாமா சொன்னதைவிட நீளமாகச் சொன்னார் என்று நினைக்கிறேன். அதிகாரி எழுந்து யன்னலருகே போய்ச் சிறிது நேரம் நின்றார். திரும்பி வந்து சிப்பாயிடம் ஏதோ சொன்னார். சிப்பாய் ஒரு கயிற்றைக் கொண்டுவந்து அலுமாரியைச் சுற்றி இறுக்கிக் கட்டினான். கட்டும்போது அவனுடைய உதடு அசைந்துகொண்டிருந்தது. பௌத்தர்கள் காவலுக்கு ஓதும் பிரித் ஓதினான் என்று நானா பிறகு சொன்னார்.

"நல்ல முடிச்சு," என்றார் மாமா, கப்பல்காரர் அல்லவா.

அதிகாரி இரண்டு பிரதிகளைக் கிழித்துப்போட்டு, ஒன்றை மடித்து எடுத்துக்கொண்டார். கோவைக்கென்று நான் எடுத்த மூன்றாவது பிரதி உண்மையாகவே ஒரு கோவைக்குப் போனது. பத்தாம் நாள் ஆட்சேபனை இல்லை என்ற கடிதம் வந்தது. மாமா காசைக் கட்டினார். கடைசிவரை அந்த வீட்டிலேயே இருந்து, யன்னல் பக்கம் தலைவைத்துப் படுத்தபடி போய்ச் சேர்ந்தார். என் பட்டியலில் எழுதிய ஆபத்துகளில் ஒன்றுகூட அவரை ஒன்றும் செய்யவில்லை.

அலுமாரி இப்போது பாலையூற்றில் எங்கள் வீட்டில் இருக்கிறது. கயிறு அப்படியே இருக்கிறது. அந்த முடிச்சை அவிழ்க்க எனக்குத் தெரியாது என்று சொல்லிக்கொள்கிறேன். வீட்டில் எதையாவது வாங்குவதா, யாரையாவது வெளிநாட்டுக்கு அனுப்புவதா என்று நான் தாளை எடுத்து இரண்டு நிரல் போட்டால் போதும், மனைவி குசினியிலிருந்து கேட்பாள்: "மூண்டாம் நிரலையும் போடுங்கோ. அலுமாரி என்ன சொல்லுதாம்?" பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள்.

யுத்தம் முடிந்து எத்தனையோ வருடமாகிவிட்டது. துறைமுகத்தில் இப்போது யாரும் வெடி போடுவதில்லை. ஆனாலும் சில பின்னேரங்களில், நாங்கள் எல்லோரும் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது, அந்தக் கயிறு மெல்ல முறுகும் சத்தம் கேட்கும். பிள்ளைகள் உடனே, தரைக்குக் கீழே அந்த முதுகு நிமிரப் போகிறதென்று, பகிடிக்குக் கால்களைக் கதிரைக்கு மேலே தூக்கிக்கொள்வார்கள். மனைவியும் தூக்குவாள்.

நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு தூக்குவேன். சரியாக ஒரு நிமிடத்துக்கு.