பச்சை வந்தால் ஏறாதே

ஓசூர்,
9-8-1989

சிரஞ்சீவி முனிராஜுக்கு உன் தாய்மாமன் கரியப்பன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இவ்விடம் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆனால் உன் அம்மா சென்னம்மாள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கும்போது அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். நடுக்கடல் எண்ணெய்க் கிணற்று மேடையில் நீ சுகமாக இருக்க வேண்டும். இந்தக் கடிதம் கைக்கு வரும்வரையாவது ஹெலிகாப்டரில் ஏறாமல் இருக்க வேண்டும். இப்போதைக்கு எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

விஷயத்தை வரிசையாகச் சொல்கிறேன். வரிசை தவறினால் எனக்கே புரியாமல் போய்விடும். சிங்காரப்பேட்டைப் பள்ளியில் ரசாயனம் கற்பித்து ஓய்வு பெற்றபின் இங்கே வெங்கடசாமியின் சிறிய கம்பெனியில் வில்லைகளைச் சோதிக்கும் வேலையில் நான் சேர்ந்தது உனக்குத் தெரியும். அந்த மஞ்சள் வில்லைதான் உன் மேடைக்கு வருகிறது. ஹெலிகாப்டருக்கு எண்ணெய் போடுமுன் அதை ஊசிக்குழாயின் முனையில் மாட்டி, எண்ணெயை உறிஞ்சிப் பார்ப்பது உன் வேலை. வில்லை மஞ்சளாகவே இருந்தால் எண்ணெய் சுத்தம். பச்சையானால் தண்ணீர் கலந்திருக்கிறது. பம்பாயிலிருந்து கப்பலில் வரும் எண்ணெயில் வழியில் எந்த மூடியின் இடுக்கில் கடல் புகுந்ததோ, யார் கண்டார்? பஸ் என்றால் எஞ்சின் நின்றதும் இறங்கித் தள்ளலாம். ஆகாயத்தில் எங்கே இறங்குவது?

சென்ற மாதம் கடைசிப் பெட்டியைக் கட்டிய அன்று இங்கே விடாத தூறல். கரண்ட் வேறு போய்விட்டது. வில்லைகளை உலர்த்தும் அலமாரி ஆறிப்போயிற்று; காற்றின் ஈரம் ஏறினாலும் வில்லை பச்சையாகிவிடும். சோதித்துப் பார்த்தேன், சரியாகவே இருந்தன. இருந்தாலும் என் கண்ணை நான் முழுக்க நம்பியதில்லை. அதனால்தான் பெட்டியைப் பிரித்ததும் நிறத்தைப் பார்த்து எனக்குத் தகவல் சொல் என்று உனக்கு எழுதினேன். நேற்று நீ போன் செய்த வேளையில் நான் சாப்பிடப் போயிருந்தேன். போனை எடுத்தது எங்கள் கம்பெனியைப் பெருக்கி டீ போட்டுக் கொடுக்கும் சரசம்மா. நான் திரும்பியதும் கையில் துடைப்பத்தோடு வந்து சொன்னாள்: "சார், உங்க மருமவன் போன் பண்ணாரு. வில்லலு அன்னி பச்சகா உந்தியாம். பயப்பட வேணாம்னு சொல்லச் சொன்னாரு." அவள் வீட்டில் தெலுங்கு, வெளியில் பாதித் தெலுங்கு பாதித் தமிழ். ஓசூருக்கு வந்து இத்தனை நாளாகியும் எனக்குத் தெலுங்கு வரவில்லை. ஆனால் பச்சை என்பது புரிய தெலுங்கு படித்திருக்க வேண்டுமா?

எல்லா வில்லையும் பச்சை. அதற்குமேல் "பயப்பட வேண்டாம்"! அப்படியானால் பச்சை நல்லது என்று நீ எண்ணிக்கொண்டிருக்கிறாய். உனக்குச் சொல்லிக்கொடுத்தபோது நான்தான் வாய் தவறி மாற்றிச் சொல்லிவிட்டேனோ? இல்லை, எனக்கே மாறிப்போயிற்றோ? ஒரு வில்லையைத் தண்ணீரில் தொட்டுப் பார்த்தேன். பச்சை. இன்னொன்றைத் தொட்டேன். அதுவும் பச்சை. மூன்றாவதைத் தொடப் போகும்போது முதலாளி வந்துவிட்டார். உனக்குத் தெரியும், அவர் முன்பு பல்பொடி கம்பெனி வைத்திருந்தவர். விஷயத்தைச் சொன்னேன். "அதுக்கு ஏன் பெரியவரே இப்பிடி வேர்க்குது? சிக்னல்ல பச்சை வுழுந்தா வண்டி போவுதா இல்லியா? பச்சைன்னா நல்லதுதான்" என்றார். வில்லை செய்கிற முதலாளியே இப்படிச் சொன்னால், அதை வாங்கி மாட்டுகிறவர்கள் என்ன நினைப்பார்கள் முனிராஜ்?

உடனே உன் கம்பெனியின் பம்பாய் அலுவலகத்துக்கு டிரங்கால் போட்டுக் காத்திருந்தேன். லைன் கிடைத்தபோது அந்தப் பக்கம் இந்தி. எனக்கு இந்தி தெரியாது, அவருக்கு என்னைத் தெரியாது. "கிரீன்! கிரீன்!" என்று கத்தினேன். "கிரீன்? ஓகே, ஓகே, தேங்க்யூ" என்று சந்தோஷமாக வைத்துவிட்டார். போச்சுடா என்று தலையில் கை வைத்துக்கொண்டேன். இனி தந்திதான் வழி என்று இன்று மத்தியானம் போனேன். அதிலும் ஒரு யோசனை. நீ மேடையில் இல்லாத வேளையில் சோதித்துப் பார்ப்பது உன் கூட்டாளி திம்மப்பன். உங்கள் கெலமங்கலத்துத் தெலுங்குப் பையன்; ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிப்பான், அர்த்தம் ஓடாது; தமிழ் ஓரளவு புரியும். ஆகவே தமிழை ஆங்கில எழுத்தில் எழுதினேன்: "பச்சை வந்தால் ஏறாதே. மாமன்." கிளார்க் அதைப் படித்துவிட்டு, "எதுல சார் ஏறக்கூடாது? பஸ்லயா?" என்றார். "ஹெலிகாப்டரில்" என்றேன். வரிசையில் நின்ற அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அதில் கெலமங்கலத்து ஆள் ஒருவன் இருந்திருக்கிறான். அவன் பஸ் ஏறி ஊர் சேர்வதற்குள் அந்த நாலு வார்த்தை எப்படி எப்படியோ வளர்ந்து, அடுத்த பஸ்ஸில் உன் அம்மா தலைவிரி கோலமாக என் வாசலில் வந்து நின்றாள். "அண்ணா! என் புள்ளைய பச்சத் தண்ணியில வுட்டுட்டியே அண்ணா! மேல பறக்குற வேலைக்கு வேணாம் வேணாம்னு நான் அப்பவே அடிச்சுக்கிட்டனே! நீதான பெரிய படிப்பாளி, போவட்டும்னு சொன்ன!" என்றாள். ஆமாம், நான்தான் சொன்னேன்.

ஆகையால் முனிராஜ், நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். பச்சை வந்தால் ஏறாதே. பைலட் கோபித்தாலும் ஏறாதே. மேலதிகாரி லீவை வெட்டினாலும் ஏறாதே. பச்சை காட்டும் எண்ணெயில் ஒரு சொட்டுகூட ஹெலிகாப்டருக்குள் போகவிடாதே. இந்தக் கடிதத்தைத் திம்மப்பனை எதிரே உட்காரவைத்து, ஒரு வரி விடாமல் உரக்கப் படித்துக் காட்டு. அவன் வாயால் "பச்சை வந்தால் ஏறமாட்டேன்" என்று சொல்லவை.

எடுத்த வேலையிலும் ஏறும் வண்டியிலும் உனக்கு ஒரு குறையும் வராதிருக்க ஆசீர்வதிக்கும்,

உன் தாய்மாமன்,
கரியப்பன்

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது, நான் வேலைக்கு வரவில்லையே என்று பார்க்க சரசம்மா வந்தாள். அழுகிற உன் அம்மாவைப் பார்த்து, "ஏமாயிந்தி சார், என்னா ஆச்சு? அவரு நல்ல சேதிதான சொன்னாரு?" என்றாள். "பச்சை நல்ல சேதியா?" என்று நான், என் வயதில் முதல்முறையாக, ஒரு பெண்பிள்ளையிடம் சத்தம் போட்டுவிட்டேன். அவள் அசரவில்லை. "பச்சதான சார் நல்லது? இந்தா, உங்க தங்கச்சி மூஞ்சி இருக்குதே, அந்தப் பச்ச!" என்று விரலை நீட்டினாள். திரும்பிப் பார்த்தேன். உன் அம்மா காலையில் பூசிய மஞ்சள். கண்ணீர் ஓடிய தடம் மட்டும் வெளுத்திருந்தது. தெலுங்கில் பச்ச என்றால் மஞ்சளாம்! நம் பச்சைக்கு அவர்கள் ஆகுபச்ச என்பார்களாம். உன் அம்மா அழுகையை நிறுத்திவிட்டு, "இது தெரியாதா அண்ணா உனக்கு? கெலமங்கலத்துல கொழந்தைக்குக்கூடத் தெரியும்" என்றாள். சரசம்மா சொன்னதை முதலிலேயே தன்னிடம் அப்படியே சொல்லியிருந்தால் நான் இப்படி ஊரைக் கூட்டியிருக்க வேண்டாம் என்று வேறு சொன்னாள்.

நிம்மதி வந்த அதே நொடியில் இன்னொன்று நினைவுக்கு வந்தது. தந்தி! அதைத் திம்மப்பன் படித்தால் மஞ்சள் வந்தால் ஏறாதே என்றல்லவா புரிந்துகொள்வான்? நல்ல எண்ணெயை நிறுத்திவிட்டுத் தண்ணீர் எண்ணெயை ஊற்றிவிடுவானே! மழையில் குடைகூட எடுக்காமல் தபாலாபீசுக்கு ஓடினேன். கிளார்க் சாவகாசமாக, "மழைக்கு லைன் கட்டு சார். உங்க தந்தி இன்னும் இங்கயேதான் கீது" என்றார். வாங்கிக் கிழித்துப் போட்டேன். இத்தனை நாள் நான் திட்டிய ஓசூர் மழை மகராசியாக இருக்கட்டும்.

மறுபடி எழுதக் கையில் தெம்பில்லை. அதனால் இதையே அனுப்புகிறேன். தாராளமாக ஏறு. ஆனால் திம்மப்பனுக்கு இதில் ஒரு வரியும் படித்துக் காட்டாதே. உலர்ந்த வில்லை ஒன்றும், நனைத்த வில்லை ஒன்றும் இத்துடன் தனித்தனியாக மடித்து வைத்திருக்கிறேன். பேர் எதுவும் சொல்லாமல், இது வந்தால் ஏறு, அது வந்தால் ஏறாதே என்று காட்டு. மழையில் நனைந்து இரண்டும் ஒரே நிறமாக வந்து சேர்ந்தால் எனக்குப் போன் செய். சரசம்மா எடுத்தால் வைத்துவிடு.