ஒரே கறுப்புக் கண்ணாடியும் வீடு நிறையக் கண்வலியும்

அன்புள்ள அக்காவுக்குத் தம்பி எழுதிக்கொள்வது. நலமறிய ஆவல். ‘இங்கு அனைவரும் நலம்’ என்கிற பாதியை இந்த முறை எழுதுவதற்கில்லை. போனில் சொன்னால் முழுதாகச் சொல்லவிடாமல் குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். உன் கண்ணுக்காகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை உனக்குக் கண்புரை ஆபரேஷன். ஆஸ்பத்திரி எங்கள் தெருமுனையிலேயே இருப்பதால் புதன்கிழமை இங்கே வந்து தங்குவதாகப் பேச்சு. தயவுசெய்து வராதே. இந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்காதே. வீடு முழுக்கக் கண்வலி. உனக்கும் தொற்றினால் ஆபரேஷன் செய்யாமல் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஏற்கெனவே தள்ளித் தள்ளிப் போனது இது. இன்னொரு கண்ணும் மங்குகிறது என்று நீ போனில் அழுததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஆரம்பித்து வைத்தவர் நம் மாப்பிள்ளை. பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர், கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையைத் தூக்கி இறக்கிவிட்டிருக்கிறார், இரண்டு நாளில் கண் கோவைப்பழமாகிவிட்டது. கண்வலிக்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று நாம் சின்ன வயதிலிருந்து கேட்டதுதானே, அதனால் யாரும் யார் கண்ணையும் பார்க்கக் கூடாது என்று குடும்பத் தலைவன் என்கிற முறையில் சட்டம் போட்டேன். ஆளுக்கொரு சுவரைப் பார்த்துச் சாப்பிட்டோம். மாப்பிள்ளை சுவரிடம் உப்புக் கேட்டார், என் மகள் திரும்பாமலே கையைப் பின்னால் நீட்டி என் காபியில் போட்டாள். நேருக்கு நேர் பேசியே தீரவேண்டும் என்றால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம் என்று ஒரு சலுகையும் கொடுத்தேன். வீட்டில் இருந்தது ஒன்றே ஒன்று. மாப்பிள்ளை வெளியே போய் வந்ததும் கழற்றி மகளிடம் கொடுப்பார், அவள் அதை மாட்டிக்கொண்டு அவருக்கு மருந்து விடுவாள், பிறகு என் மனைவி மாட்டிக்கொண்டு அவரைச் சாப்பிடக் கூப்பிடுவாள், கடைசியில் நான் மாட்டிக்கொண்டு எல்லோரும் ஒழுங்காக இருக்கிறார்களா என்று ஒரு சுற்று வருவேன். மாட்டிய வரிசை மாறாமல் எல்லோருக்கும் கண்வலி வந்தது. மாடியில் குடியிருப்பவர் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு நாள் இரவல் வாங்கிப் போனார், அவருக்கும் வந்துவிட்டது.

யாரோ சட்டத்தை மீறித் திருட்டுத்தனமாகப் பார்த்திருக்கிறார்கள் என்று விசாரணை வைத்தேன். என் மனைவி என் மேலேயே பழியைப் போட்டாள். “இத்தனை வருஷமா என் மூஞ்சியை நிமிந்து பாக்காத மனுஷன், பாக்கக் கூடாதுன்னு சொன்ன அன்னிக்குத்தான் பாத்தீங்களாக்கும்” என்றாள். அதோடு எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

நேற்று டாக்டரிடம் போனோம். “பாத்தா எல்லாம் ஒட்டாதுங்க. கண்ணைத் தொட்ட கை, அந்தக் கை தொட்ட சாமான், அது வழியாத்தான் அடுத்த ஆளுக்குப் போகும்” என்றவர், “ஆமா, இந்தக் கண்ணாடி யாரோடது?” என்று கேட்டார்.

“எல்லாரோடதுந்தாங்க” என்றேன். அவர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார், சட்டென்று மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ஆகவே அக்கா, வெள்ளிக்கிழமை உன் வீட்டிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்குப் போ. எங்களில் ஒருவரும் உன் பக்கத்தில் வரமாட்டோம். கோபித்துக்கொள்ளாதே. எனக்கு இருப்பது நீ ஒருத்திதான், கண் தெளிந்து வந்து என்னைத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அத்தானுக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பின்குறிப்பு: இதை மட்டும் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். தபால் புதன்கிழமைக்குள் வந்து சேருமோ சேராதோ என்று பயமாக இருந்தது. பார்த்தால் ஒட்டாது என்று டாக்டரே சொல்லிவிட்டதால் நானே கையோடு கொண்டு வருகிறேன். நீ வாசித்து முடிக்கும்வரை எதிரில் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். அவசரத்தில் துண்டு எடுத்து வரவில்லை, முடித்ததும் உன்னுடையதைக் கொஞ்சம் கொடு, கண் எரிகிறது.