சனிக்கிழமை ராஜாக்கள்

சோழர், பல்லவர், நாயக்கர் என்று இந்தப் பக்கத்தை ஆண்ட அத்தனை பேரையும் ஒன்றாகக் கூட்டினாலும், கொரனேஷன் சார் முடிசூட்டிய ராஜாக்களின் எண்ணிக்கையைத் தொட முடியாது. அவ்வளவு பட்டாபிஷேகமும் நடந்தது கடலூர் செம்மண்டலத்தில், எங்கள் வீட்டு மாடியில், தகர ஷீட் போட்ட ஒற்றை அறையில். கிரீடம், சிப்காட் தொழிற்சாலை ஒன்றில் கழித்துப் போட்ட மஞ்சள் ஹெல்மெட். சிம்மாசனம், என்னுடைய இருபத்து நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளில் கை வைத்த ஒரே நாற்காலி. இன்றைக்கு அதில் ஒரு கைதான் இருக்கிறது. அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன்.

2006-ல் மாடியை வாடகைக்குக் கேட்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. வெயிலிலும் முழுக்கைச் சட்டை. சிதம்பரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ்ஸில் வந்து ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு நடத்தப் போவதாகச் சொன்னார். நான் சர்வே ஆபீசில் காலம் தள்ளியவன். அளக்காமல், எண்ணாமல் எதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். எத்தனை பேர் வருவார்கள், ஃபேன் எவ்வளவு நேரம் ஓடும், படியில் எத்தனை ஜோடி செருப்பு கிடக்கும் என்றெல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். என்ன பாடம் நடத்துவீர்கள் என்று மட்டும் கேட்கத் தோன்றவில்லை.

முதல் சனிக்கிழமை மாலை, மெயின்ரோடு வரை கேட்கும் குரலில் மாடியிலிருந்து “கொரனேஷன்” என்று ஒரு முழக்கம். தொடர்ந்து இருபது பேர் “லாங் லிவ் த கிங்” என்று கத்தினார்கள். சமையலறை அலமாரியிலிருந்து இரண்டு டம்ளர்கள் கீழே விழுந்தன. அன்றிலிருந்து அவருக்குத் தெருவில் வேறு பெயர் கிடையாது.

வகுப்பு முடிந்ததும் பிடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

“மாமா, நம்ம ஆளுங்களுக்கு இங்கிலீஷ் வராம இல்ல. என்ன பேசுறதுன்னுதான் வரல. ராஜா கதை தெரியாத ஆளு யாராவது இருக்காங்களா? கதை ஏற்கெனவே உள்ளார கிடக்குது. நான் வார்த்தைய மட்டும் எடுத்துக் குடுக்கறேன்.”

எடுத்துத்தான் கொடுத்தார். அரியணைக்கு த்ரோன், வாரிசுக்கு எய்ர், அரச வம்சத்துக்கு டைனஸ்டி, முற்றுகைக்கு சீஜ், உடன்படிக்கைக்கு ட்ரீட்டி, நாடு கடத்துவதற்கு எக்ஸைல், அரச பதவியைத் தானே துறப்பதற்கு அப்டிகேட். வாரம் ஒருவருக்கு முறைப்படி முடிசூட்டு. ஹெல்மெட் தலையில் இருக்கும் அரைமணி நேரமும் ராஜா வைத்ததுதான் சட்டம். உத்தரவு இங்கிலீஷில் இருந்தால் போதும். சார் உட்பட எல்லாரும் கட்டுப்பட வேண்டும். ஆள முடியாதென்றால் “ஐ அப்டிகேட்” என்று சொல்லிவிட்டு இறங்கிவிடலாம்.

சட்டம் சட்டம்தான். சிப்காட்டில் ஆபரேட்டராக இருந்த பன்னீர் முதல் முறை ராஜாவானபோது, சார் ஆட வேண்டும் என்று உத்தரவிட்டான். சார் ஆடினார். இன்னொரு வாரம், சத்தத்தைப் பற்றிப் புகார் சொல்ல நான் மேலே போனபோது, பன்னீர் ஷிஃப்டிலிருந்து வந்து சேரும்வரை நான்தான் ரீஜென்ட், அதாவது ராஜாவுக்குப் பதிலாக ஆள்பவன், என்று சொல்லி ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்துவிட்டார்கள். முழக்கம் ஒரு தடவைதான் போட வேண்டும் என்று இங்கிலீஷில் உத்தரவிட்டேன். அன்று முதல் ஒரு தடவைதான் போட்டார்கள். அந்த ஒரு தடவையை முன்பு போட்ட மூன்று தடவையின் நீளத்துக்குப் போட்டார்கள்.

செம்மண்டலம் பேரரசு அடிக்கடி போருக்குப் போனது. நெல்லிக்குப்பத்தை முற்றுகையிட்டது, விழுப்புரத்தோடு ட்ரீட்டி போட்டது. வடலூர் மீது மட்டும் யாரும் படையெடுக்கக் கூடாது என்று சார் தடுத்துவிட்டார். காரணம் ராணுவம் சம்பந்தப்பட்டது. அங்கே போகிற படைக்கெல்லாம் தருமசாலையில் இலை போட்டுச் சாப்பாடு போட்டுவிடுவார்கள். சாப்பிட்டவன் எவனும் திரும்பிச் சண்டைக்கு வரமாட்டான்.

இந்த இங்கிலீஷ் படியிறங்கி ஊருக்குள்ளும் போயிற்று. பன்னீரின் தாத்தா இறந்தபோது அவன் கம்பெனிக்கு எழுதிய லீவு லெட்டர், தாத்தாவின் ஆட்சி முடிவுக்கு வந்தது என்று ஆரம்பித்ததாம். அவன் இரண்டு நாள் கேட்ட இடத்தில் மேனேஜர் நான்கு நாள் கொடுத்துவிட்டார். என் மனைவி மாடிப்படி பக்கமே போனதில்லை. இருந்தும் ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில், “குக்கர் அப்டிகேட் பண்ணிடுச்சு, ஓட்டல்ல வாங்கிட்டு வாங்க” என்றாள்.

அந்த வார்த்தையை மாடியில் அதிகம் சொன்னது ஸ்டெல்லாதான். ஸ்டெல்லா பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த பெண். எல்லா வாரமும் வருவாள், எல்லாவற்றையும் கவனிப்பாள், வாய் மட்டும் திறக்க மாட்டாள். முறை வந்து ஹெல்மெட்டை வைத்ததும், “ஐ அப்டிகேட்” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய் உட்கார்ந்துவிடுவாள். நானே ஒரு தடவை கடிகாரம் பார்த்தேன். ஒன்பது செகண்ட். சார் ஒருபோதும் அவளைக் கேலி செய்ததில்லை. “நல்ல ஆட்சிம்மா, போர் இல்ல, வரி இல்ல” என்பார்.

அடுத்த வருடம் இரண்டு தெரு தள்ளிக் கண்ணாடிக் கதவும் ஏசியுமாக ஒரு இங்கிலீஷ் சென்டர் திறந்தார்கள். எங்கள் படியில் இருபத்திரண்டாக இருந்த செருப்பு ஜோடி பதினாறாகி, ஒன்பதாயிற்று. ஒரு பையனின் அப்பா வந்து, “ராஜா ராணி கதையெல்லாம் இன்டர்வியூல கேப்பாங்களா சார்?” என்று கேட்டுவிட்டுப் போனார். சார் அன்றைக்கு ஹெல்மெட்டைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

மறுவாரம் ஹெல்மெட்டை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, தடிமனான இன்டர்வியூ புத்தகம் ஒன்றை எடுத்தார். முதல் பாடம், உங்களைப் பற்றிச் சொல்லுங்கள். நெல்லிக்குப்பம் முற்றுகையின்போது அரைமணி நேரம் மூச்சுவிடாமல் வீரவுரை ஆற்றிய பன்னீர் எழுந்தானாம். “மை நேம் இஸ் பன்னீர்” என்றான். மேலே பார்த்தான், கீழே பார்த்தான். மறுபடியும் “மை நேம் இஸ் பன்னீர்” என்று சொல்லி உட்கார்ந்தான். கீழே எங்கள் வீட்டில் ஒரு சத்தமும் இல்லை. ஒரு வருடமாக நான் கேட்ட அமைதி கிடைத்துவிட்டது. உட்கார முடியாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டிருந்தேன்.

இப்படி மூன்று வாரம் போனது. மூன்றாம் வாரம் வகுப்பு முடிந்து சாவியை நீட்டினார்.

“அடுத்த சனிக்கிழமையோட மூட்டை கட்டிக்கறேன் மாமா. எனக்கு இந்தப் புஸ்தகம் நடத்த வரல. எனக்கு வர்றது யாருக்கும் வேணாம்னு தோணுது.”

ஃபேனில் ஒரு றெக்கை ஆடுகிறது, அதைச் சரிசெய்யாமல் எப்படிப் போவீர்கள் என்று சண்டை போட்டேன். சாவியை மட்டும் வாங்கிக்கொள்ளவில்லை.

கடைசி வகுப்புக்கு என் மனைவி கேசரி கிளறினாள். பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு இருவரும் மேலே போனோம். ஒன்பது பேரும் வந்திருந்தார்கள். சார் அலமாரியைத் திறந்து சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டிருந்தார். பன்னீர் எழுந்து போய் ஹெல்மெட்டை எடுத்தான்.

“இன்னிக்கு ஸ்டெல்லா முறை சார்.”

“இனிமே எதுக்குப்பா முறையெல்லாம்?”

“முறைய விட்டா டைனஸ்டி என்னாவுறது?” என்றபடியே அவள் தலையில் வைத்துவிட்டான்.

ஸ்டெல்லா கை வைத்த நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். எல்லாரும் அந்த இரண்டு வார்த்தைக்குக் காத்திருந்தோம். ஒன்பது செகண்ட் போயிற்று. அரை நிமிடம் போயிற்று. ஹெல்மெட் புருவம் வரை இறங்கியிருந்ததால் அவள் முகம் சரியாகத் தெரியவில்லை. நாற்காலியின் கையை அழுத்திப் பிடித்திருந்த விரல்கள்தான் தெரிந்தன.

“ஐ டூ நாட் அப்டிகேட்” என்றாள்.

அவள் எழுந்து நின்றாள். அப்போதுதான் நாற்காலியின் இடது கை முறிந்து அவள் கையோடு வந்தது. அதைக் கீழே போடவும் தோன்றாமல் செங்கோல்போல நீட்டி, மேஜைமேல் கிடந்த இன்டர்வியூ புத்தகத்தைக் காட்டினாள்.

“தட் புக் ஷல் கோ எக்ஸைல். அண்ட் சார், யூ ஷல் கம் எவ்ரி சாட்டர்டே. ஐ ஆம் த குயின். இட் இஸ் மை ஆர்டர்.”

சார் பையைக் கீழே வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடியும் கழற்றினார். உத்தரவு இங்கிலீஷில் வந்துவிட்டது. அவர் போட்ட சட்டம்.

“கோ இன்டு எக்ஸைல்னு சொல்லணும்மா” என்றார் மெதுவாக.

பிறகு பன்னீர் ஆரம்பித்தான். எத்தனை தடவை முழங்கினார்கள் என்று நான் எண்ணவில்லை. என் மனைவி கரண்டியால் கேசரிப் பாத்திரத்தைத் தட்டிக்கொண்டிருந்தாள். புத்தகத்தை எந்த நாட்டுக்கு அனுப்புவது என்று கொஞ்ச நேரம் விவாதம் நடந்தது. எங்கள் வீட்டுப் பரண் என்று முடிவாயிற்று. என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அன்று அவரோடு பஸ் நிறுத்தம் வரை நடந்தேன். “ராணி உத்தரவு மாமா. நான் என்ன பண்றது, வந்துதான் ஆவணும்” என்று வருத்தப்படுகிறவர்போலச் சொன்னார். முகம் அப்படி இல்லை. அதற்குப் பிறகு கூட்டம் பெரிதாகக் கூடிவிடவில்லை, குறையவும் இல்லை. 2012-ல் மூட்டுவலி வந்து பஸ் ஏற முடியாமல் போகும்வரை, ஒரு சனிக்கிழமை தவறாமல் வந்தார்.

அன்று ஸ்டெல்லா அந்த உத்தரவைப் போடாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பன்னீர் ஒருமுறை என்னிடம் கேட்டான். தெரியவில்லை என்று சொல்லிவிட்டேன். அன்று கேசரி கிளறும்போதே, சாரைத் திரும்பக் கூட்டி வர மறுநாள் காலை எத்தனை மணிக்குச் சிதம்பரம் பஸ் என்று நான் விசாரித்து வைத்திருந்ததை அவனிடம் சொல்லவில்லை.