நிலாச் செய்தியில் ஒரு திருத்தம்

உண்மைக்காக உயிரையே விடத் தயாராக இருக்கும் பத்திரிகைகள் உலகில் இரண்டோ மூன்றோதான் உண்டு. அவற்றுள் முதலாவது, அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் நான் வேலை பார்க்கும் ‘மார்ஷ்டன் கூரியர்’.

மனிதன் நிலவில் இறங்கிய ஐம்பதாம் ஆண்டு விழாவுக்காக, எங்கள் 1969 ஜூலை இதழ்களைத் தூசி தட்டிப் பிரித்தோம். முதல் பக்கத்திலேயே எங்கள் ஊர்க்காரர் நார்மா வொண்ட்ராவின் படம். விண்கலம் பூமிக்குத் திரும்பும் பாதையைக் கணக்கிட்டவர்களில் ஒருவர். தலைப்பு: ‘நிலாப் பயணத்தில் நம்மூர் நிலா!’ கவுன் நீலம், கூந்தல் பொன்னிறம், இன்னும் மணமாகவில்லை என்று மூன்று பத்தி. கடைசி வரியில், ‘அலுவலகத்தில் ஏதோ கணக்கும் போடுகிறாராம்.’

ஆசிரியர் க்ளைட் ஹான்ராட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அசிங்கம்யா! அம்பது வருஷக் கறை. நாமதான் கழுவணும்.”

உடனே ‘வரலாற்றுப் பிழை நீக்கக் குழு’ பிறந்தது. இரண்டரை மணி நேரம் விவாதித்து, நார்மாவைப் பார்க்க என்னை அனுப்புவதென்று ஒருமனதாகத் தீர்மானித்தது. பத்திரிகையில் செய்தியாளர் என்று இருப்பதே நான் ஒருவன்தான்.

நான் போனபோது நார்மா, கார் கொட்டகையில் புல்வெட்டும் எந்திரத்தைப் பிரித்துப் போட்டிருந்தார்.

“அன்னைக்கு வந்த ஆளுக்கு மூணு மணி நேரம் சொன்னேன் தம்பி. கலம் திரும்பி வர்றப்ப கொஞ்சம் செங்குத்தா வந்தா எரிஞ்சுபோயிரும். கொஞ்சம் படுக்கையா வந்தா காத்துல பட்டுத் தெறிச்சு வெளிய போயிரும். நடுவுல நூலளவு வழி. மூணு பேரு உயிரு அதுல. எல்லாத்தையும் எழுதிக்கிறாருன்னு எட்டிப் பாத்தா, நோட்டுல ‘நீல கவுன்’னு ஒரே வரி!”

வாய்விட்டுச் சிரித்தவர், ஸ்பானரைக் கீழே வைத்தார். “எங்கம்மா அந்தப் பேப்பரத்தான் ஃப்ரேம் போட்டு மாட்டினாங்க. சாகுற வரைக்கும், நான் அங்க எல்லாருக்கும் காப்பி குடுத்துட்டு இருந்தேன்னே நெனச்சாங்க.”

அன்றே இரண்டு பக்கம் எழுதினேன். எரிவது, தெறிப்பது, நூலளவு வழி, எல்லாம். க்ளைட் கண் கலங்கப் படித்தார். “அற்புதம்! ஆனா கோணம், டிகிரின்னு காலைல படிச்சா வாசகருக்குத் தலைவலி. டயர் விளம்பரம் வேற வந்துருக்கு.”

மறுநாள் வெளிவந்தது: ‘வயது 78, முகத்தில் சுருக்கமே இல்லை!’

காலையிலேயே நார்மாவிடமிருந்து தொலைபேசி. மரியாதைக்காகக் குழு முழுவதும் எழுந்து நின்று கேட்டது.

“ஏம்ப்பா க்ளைட், அந்த மூணு பேரு எப்படி உயிரோட வந்தாங்கன்னு ஒரு வரி போடக் கூடாதா?”

“இடமில்லீங்க மேடம். சுருக்கிட்டோம்.”

“எனக்குச் சுருக்கமே இல்லைன்னு போட்டுட்டு, செய்தியைச் சுருக்கிட்டியா? அதுவும் போகட்டும். எனக்கு எழுபத்தேழுதான்யா!”

க்ளைட்டின் முகம் வெளுத்தது. பிழை! அவசரக் கூட்டம் கூடியது. மறுநாள் முதல் பக்கத்தில், கட்டம் கட்டி, கொட்டை எழுத்தில் வெளியிட்டோம்: ‘திருத்தம்: நார்மா வொண்ட்ராவின் வயது 77. வருந்துகிறோம்.’

ஐம்பது ஆண்டுகளில் அவரைப் பற்றி எங்கள் பத்திரிகை சரியாக வெளியிட்ட ஒரே கணக்கு அதுதான். அதையும் அவரேதான் போட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.