வெர்சாக் பந்துகளிக் கிளப்பின் குலம் கோத்திரம் விசாரித்த வகையில்

புதுக்கடை,
வெள்ளிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின்

கர்த்தருக்குள் பிரியமான ரசலையன் அத்தானுக்கு, உங்கள் மைத்துனன் யோவான் ஸ்தோத்திரம் கூறி எழுதுவது. இங்கே நானும், ஞானபாய் அக்காவும், உங்கள் மகள் ரெனிஷாவும், பசுவும் கிருபையால் சுகமாயிருக்கிறோம். மஸ்கட்டில் உங்களையும் அதே கிருபை தாங்குவதாக. உங்கள் முதுகுவலியை மட்டும் தாங்காமல் கைவிடுவதாக.

இந்தக் காலத்தில் கடுதாசியா என்று கேட்பீர்கள். வாட்ஸ்அப்பில் எழுதினால் உங்களுக்குக் கண்ணாடியைத் தேட வேண்டியிருக்கிறது. குரலாக அனுப்பினால் உங்கள் கேம்ப் அறையில் இருக்கிற அத்தனை பேரும் சேர்ந்து கேட்டு, அத்தனை பேரும் அபிப்பிராயம் அனுப்புகிறார்கள். போன மாதம் ரெனிஷாவுக்கு வந்த சம்பந்தத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை சொல்லப்போக, உங்கள் பக்கத்துக் கட்டில் ஆலப்புழைக்காரர் எனக்கே போன் போட்டு, தன் தங்கச்சி மகனுக்குச் சொந்தமாக ஹவுஸ்போட் உண்டு என்று தொடங்கிவிட்டார். ஆகையால் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிற அபிலாஷ் கையில், ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலத்துக்குள் வைத்து இதை ரகசியமாக அனுப்புகிறேன்.

திருவனந்தபுரம் ஏர்போர்ட்டில் டிராலியைத் தள்ளிக்கொண்டே நீங்கள் இட்ட கட்டளையை நான் மறக்கவில்லை. "பையனுக்க குடும்பத்தை விடு மக்கா, அது எனக்குத் தெரியும். அவன் சோலி பாக்குத கிளப்பு நிலைச்சு நிக்குமான்னு விசாரி. எனக்க காலுக்கடியில ரெண்டு கம்பெனி முங்கிப் போச்சு. எனக்க பிள்ளைக்கு அந்தக் கெதி வேண்டாம்" என்றீர்கள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த நான் சிரிப்பை நிறுத்தினேன். அது எனக்கு லேசில் வராத காரியம் என்று உங்களுக்கே தெரியும்.

ஆகவே விசாரித்தேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கல்யாணம் நடந்தால் பந்தலும் நாற்காலியும் மைக்செட்டும் என் கடையிலிருந்துதான் போகும். அதற்காக நான் விசாரணையில் ஒரு பக்கம் சாய்ந்தேன் என்று யாரும் சொல்லக்கூடாது என்பதற்காகவே குறைகளையே தேடினேன். நெய்யூரில் பையன் ஜெப்சனின் தாயார் நேசம்மாள் அக்கா வீட்டைப் பற்றி மூன்று சாயாக்கடையில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு குறை கிடைக்கவில்லை. குடி இல்லை, வழக்கு இல்லை, சொத்துத் தகராறு இல்லை. இப்படிப்பட்ட குடும்பத்தை விசாரிக்கப் போகிறவன் வயிறு நிறையச் சாயாவும் மனசு நிறைய ஏமாற்றமுமாகத்தான் திரும்ப வேண்டும்.

பிறகு பையனின் வேலை. விவசாயம் படித்து, மேல்படிப்புக்கு பிரான்சு போய், அங்கேயே வெர்சாக் என்ற சின்ன ஊரில் பந்துகளிக் கிளப்பில், அதாவது கால்பந்துக் கிளப்பில், சேர்ந்திருக்கிறான் என்றதும், நான் அவன் களிக்கிறான் என்றல்லவா நினைத்தேன். களிக்கவில்லை அத்தான், மைதானத்தில் புல் வளர்க்கிறான். இதை நம் ஜங்ஷனில் சாயாக்கடை சுடலையாண்டியிடம் வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"புல்லா? பசுவுக்கா வே?"

"பசுவுக்கு இல்ல. ஆளுவ களிக்கதுக்கு."

"அப்பம் திங்கது யாரு?"

"யாரும் திங்கது இல்ல."

"திங்காத புல்லை எதுக்கு வே வளக்கணும்? உம்ம மருமவளை யோசிச்சுக் குடும்."

சாயாவுக்குக் காசு கொடுத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

சரி, கிளப்பை எப்படி விசாரிப்பது? ஒரு வீட்டை விசாரிப்பது போலத்தான். பழைய ஆள் யாரையாவது காட்டு என்று ஜெப்சனிடம் சொன்னேன். போன ஞாயிறு சாயங்காலம் வீடியோவில் ஒருவரைக் கொண்டுவந்து உட்காரவைத்தான். பெயர் ஜெரார். தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், எழுபது தாண்டியவர், பையனாக இருந்த நாளிலிருந்து அந்தக் கிளப்பின் வாசலில் டிக்கெட் கிழிக்கிறவர். வெயில் காலத்திலும் கழுத்தில் கம்பளித் துண்டு. அக்கா, வந்தவரை வெறும் வாயோடு அனுப்பக்கூடாது என்று போனுக்கு முன்னால் ஒரு தட்டில் முந்திரிக்கொத்து வைத்தாள். ரெனிஷா கேமராவில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருந்தாள், ஆனால் புதுச் சுடிதார் போட்டிருந்தாள்.

நான் பேச, ஜெப்சன் அதை பிரெஞ்சில் சொல்ல, அவர் சொன்னதை இவன் தமிழில் சொல்ல, இப்படி அந்தக் கிளப்பின் சரித்திரம் முழுவதையும் வாங்கிவிட்டேன். கேளுங்கள். ஆதியில் அந்த ஊரில் கிளப்பு ஒன்றல்ல, இரண்டு. ஒன்று பாதிரியார் தொடங்கியது, பூசை முடிந்ததும் வந்து களிக்கிறவர்கள். இன்னொன்று ரயில்வேக்காரர்கள் தொடங்கியது, கோயில் பக்கமே போகாதவர்கள். முப்பது வருடம் ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போகவில்லையாம். அக்கா இதைக் கேட்டு, "நம்ம சபை மாதிரித்தான்" என்று திருப்தியாகத் தலையாட்டினாள். பிறகு இரண்டிலும் களிக்க ஆள் குறைந்து, வேறு வழியில்லாமல் இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தன. இவர்கள் சட்டை நீலம், அவர்கள் சட்டை மஞ்சள், யாரும் விட்டுக்கொடுக்கவில்லை. கடைசியில் சட்டையை நடுவே பிளந்து பாதி நீலம் பாதி மஞ்சளாகத் தைத்தார்கள். இன்றைக்கும் அப்படித்தான். களிக்கிற பதினோரு பேரைப் பார்த்தால் பதினோரு மினிபஸ் ஓடுவது போலிருக்கிறது.

"சொந்த வீடு உண்டா?" என்று கேட்டேன்.

"இல்ல மாமா. மைதானம் முனிசிபாலிட்டிக்க சொத்து."

"அப்பம் புல்லு?"

"புல்லும் முனிசிபாலிட்டிக்கதுதான். அதைப் பாக்க கிளப்பு வச்ச ஆளு நான்."

"குடி?"

"உண்டு மாமா. சட்டையில நெஞ்சுலயே எழுதியிருக்கு. அங்க உள்ள ஒயின் கூட்டுறவுச் சங்கம்தான் கிளப்புக்குக் காசு குடுக்குது."

கூட்டுறவுச் சங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் அக்கா, "சங்கமுன்னா நல்லதுல்லா" என்றாள். ஒயின் என்ற சொல் அவள் காதில் ஏறவேயில்லை. நான் ஏற்றவும் இல்லை.

பெருமை ஏதாவது உண்டா என்றதும் கிழவர் எழுந்து நின்றுவிட்டார். அவருடைய வாலிபத்தில் ஒரு தடவை, நாடு முழுக்க நடக்கிற கோப்பைப் போட்டியில், பெரிய பட்டணத்து டீம் ஒன்றை வெர்சாக் அடித்துவிட்டதாம். அந்த கோலை நடித்துக் காட்டினார். பந்துக்குப் பதில் நாற்காலி. நாற்காலி எங்கேயோ போய் விழுந்த சத்தம் கேட்டது, அக்கா "ஸ்தோத்திரம்" என்றாள். அந்த ஒரு மேட்சை வைத்துத்தான் ஊரே இதுவரை உயிர்வாழ்கிறது என்று தோன்றியது. நம் யோபு சித்தப்பா ஒரு தடவை பஞ்சாயத்துத் தேர்தலில் நின்று டெபாசிட்டைத் திரும்ப வாங்கியதைச் சொல்லிச் சொல்லியே நாம் எத்தனை வீட்டில் பெண் எடுத்தோம் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்து வீழ்ச்சி. இங்கேதான் அத்தான், கவனமாக வாசிக்கவும். மெத்தை வியாபாரி ஒருவர் கிளப்புக்குத் தலைவராக வந்தார். பேர் வாங்க ஆசைப்பட்டு, தென்னமெரிக்காவிலிருந்து பிரபலமான ஒரு ஆட்டக்காரனை விலைக்கு வாங்கினார். அவன் வந்து இறங்கும்போதே முழங்காலில் கட்டோடு இறங்கினான். களித்ததைவிட மெத்தையில் படுத்ததே அதிகம். மெத்தைக் கடை போனது, பின்னாலேயே கிளப்பும் போனது. கோர்ட்டு பூட்டுப் போட்டது. வேறு பெயரில், போட்டி வரிசையில் ஆறாம் படியிலிருந்து, வலையைக்கூடக் கடன் வாங்கிக் கட்டி மறுபடியும் தொடங்கினார்கள். ஏறினார்கள். விழுந்தார்கள். மறுபடி ஏறினார்கள். இப்போது மூன்றாம் படியில் நிற்கிறார்கள். நிற்கிறார்கள் என்று மரியாதைக்குச் சொல்கிறேன், தொங்குகிறார்கள். இன்றைக்கு ராத்திரி இந்த வருடத்துக் கடைசி மேட்ச், பக்கத்து ஊரான லாமோலுடன். நமக்கும் கருங்கலுக்கும் உள்ள தூரம்தான், பகையும் அந்த அளவுதான். சமமாக முடித்தால் மூன்றிலேயே தொங்கலாம். தோற்றால் நாலாம் படி. நாலுக்கு இறங்கினால் சம்பளத்து ஆட்களில் பாதிப்பேருக்கு வேலை இருக்காது.

இதையெல்லாம் கிழவர் மறைக்காமல் சொன்னதுகூடப் பெரிதல்ல, ஜெப்சன் மறைக்காமல் மொழிபெயர்த்தான். கிழவர் சொல்லாததையும் இவனாகவே, "பிப்ரவரியில சம்பளம் பிந்தித்தான் வந்துது மாமா" என்று சேர்த்துச் சொன்னான். கடைசியில் கிழவர் இவன் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் என்னவோ பேசினார், கண்ணைத் துடைத்தார், மறுபடியும் பேசினார். என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"சும்மா, மழையைப் பத்திச் சொல்லுகாரு."

"மழைக்கு எதுக்குடே கண்ணு நிறையுது?"

"வயசாச்சுல்லா மாமா" என்று சொல்லிவிட்டான்.

கெட்டதை முழுசாகவும் நல்லதை விழுங்கியும் மொழிபெயர்க்கிற ஒருவன், நம் ஊரில் ஒரு பெட்டிக்கடைகூட நடத்த முடியாது. பெண் கேட்டு நிற்கிற நேரத்திலாவது ஒரு பொய் சொல்லத் தெரிய வேண்டாமா? நான் என் கல்யாணத்தின்போது எத்தனை சொன்னேன்!

ஆகவே அத்தான், நன்றாக யோசித்துச் சொல்கிறேன். இந்தச் சம்பந்தம் வேண்டாம். சொந்த வீடு இல்லாத, நெஞ்சில் ஒயின் எழுதின, ஒரு தடவை செத்துப் பிழைத்த, இன்று ராத்திரி என்ன ஆகும் என்று தெரியாத கிளப்பு. உங்கள் காலுக்கடியில் நடந்தது ரெனிஷாவின் காலுக்கடியிலும் நடக்கும். அவளிடம் நான் எதுவும் சொல்லவில்லை, அது தகப்பனுடைய வேலை. எனக்கு அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லை என்பதை நீங்கள் ஊகித்துக்கொள்வீர்கள்.

கேம்பில் எல்லோருக்கும் என் விசாரிப்புகளைச் சொல்லவும், ஆலப்புழைக்காரருக்கு மட்டும் அளவோடு சொல்லவும். மாத்திரையை நேரத்துக்குப் போடவும். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக.

இப்படிக்கு,
பந்தல் வாடகை போனாலும் நியாயம் போகக்கூடாது என்றிருக்கும்,
யோவான்

பி.கு.: ஞாயிறு, ஆராதனை முடிந்து கடையில் வைத்து எழுதுவது. வெர்சாக் தோற்றுவிட்டது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் லாமோல்காரன் ஒரு கோல் போட்டுவிட்டான். நாலாம் படி.

எங்களுக்குச் சேதி வருவதற்குள் நேற்று காலையில் நேசம்மாள் அக்கா பஸ் பிடித்து உங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. "கிளப்பு கீழ போச்சு. பயலுக்க சோலி நிக்குமா போகுமான்னு தெரியாது. நீங்க பொறவு கேட்டு வருத்தப்படாண்டாம்னு நானே சொல்ல வந்தேன். வேண்டாம்னா எனக்கு ஒரு மனக்குறையும் இல்ல, கேட்டியளா" என்றார்கள். ஞானபாய் அக்கா அவர்கள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். உள்ளே இரண்டு பேரும் எதற்கு அழுதார்கள் என்று எனக்குத் தெரியாது.

இதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று இருக்கிறது. ஜெயித்த லாமோல் கிளப்பின் தலைவர், மேட்ச் முழுக்க அந்தப் புல்லைப் பார்த்துவிட்டு, அன்றைக்கே ஜெப்சனைத் தன் கிளப்புக்குக் கூப்பிட்டிருக்கிறார். சம்பளம் கூடுதல். அவர்கள் ஏறுகிற கிளப்பு. நான் கடையில் துள்ளிக் குதித்தேன். பையன் முடியாது என்று சொல்லிவிட்டான்! போன் போட்டு, "ஏலே, உனக்கு மூளை உண்டா?" என்று கேட்டேன். "ஆகஸ்டுல களி தொடங்கும் மாமா. இப்பம் விதைக்காட்டா இங்க தரை மொட்டையாக் கெடக்கும். பாதிச் சம்பளத்துக்கு வச்சுக்கிடுகோம்னு சொல்லியிருக்காவ. எல்லாரும் போனா இதை யாரு பாக்கது?" என்கிறான்.

ரெனிஷாவிடம் நியாயம் கேட்கலாம் என்று போனேன். அவள் நெய்யூர் ஆஸ்பத்திரி லேபில் டியூட்டிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தாள். "ஏட்டி, முங்குத வள்ளத்துல நிக்கவனையா கெட்டப் போற?" என்றேன். தலைமுடியைப் பின்னிக்கொண்டே, "முங்குனாலும் ஓடாம நிக்காருல்லா மாமா. அது போரும்" என்றாள்.

மேலே உள்ளதையெல்லாம் கிழித்துப் போட்டுவிட்டு வேறு எழுதலாம் என்றுதான் கடுதாசியைத் தேடினேன். ரகசியமாக அனுப்பப் பார்த்த அறிவாளி நான், சிப்ஸ் பொட்டலத்தைக் கட்டுவதற்கு அக்காவிடமே கொடுத்திருந்தேன் அல்லவா, கடுதாசி ரெனிஷாவின் கையில் இருந்தது. ஒரு வரி விடாமல் படித்திருக்கிறாள். அடி விழும் என்று நினைத்தேன். அவள் மடித்துத் திருப்பிக் கொடுத்து, "ஒண்ணையும் வெட்டாண்டாம் மாமா, அப்பா அப்படியே வாசிக்கட்டு. எல்லாம் தெரிஞ்சுதான் நான் சம்மதம் சொன்னேன்னு கீழ எழுதிருங்க" என்றாள்.

எழுதிவிட்டேன். கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் அங்கே தரை உறைந்துவிடுமாம், அப்போதுதான் மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கும். நீங்களும் கல்யாணத்துக்கு இன்றைக்கே லீவு எழுதிக் கொடுக்கவும்.