பதினைந்து சுற்றில் மூன்று கட்டை இறங்கிய பாட்டு

அன்பும் மதிப்பும் நிறைந்த அக்கா செங்கொடிக்கு,

வியாசர்பாடியிலிருந்து தம்பி அசோகன் ஜெய்பீம் சொல்லி எழுதுவது. நான் இங்கே கல்லு மாதிரி இருக்கிறேன். எண்ணூரில் நீயும் மாமாவும் உன் முட்டிவலியும் எப்படி? போன் பண்ணியிருக்கலாம்தான். பேசினால் நடுவில் இருமுவேன், நீ விஷயத்தை விட்டுவிட்டு இருமலைப் பிடித்துக்கொள்வாய். அதனால்தான் கடிதம். வருகிற ஞாயிற்றுக்கிழமை வந்து உன் மகள் மகிழினியைக் கையோடு அழைத்துக்கொண்டு போ. எங்கள் சாவுப்பாட்டு செட்டில் அவள் இனி கீபோர்டு வாசிக்க வேண்டாம்.

நம்ம டோலக் கிருஷ்ணப்பன் போன செவ்வாய்க்கிழமை போய்விட்டான். முப்பது வருஷம் என் இடதுபக்கம் நின்று அடித்த கை. வயசுப் பையன்களாக உங்கள் எண்ணூர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் குட்டையில் நானும் அவனும் ஒன்றாகத்தான் கூலிக்குச் சாம்பல் வாரினோம், நுரையீரல் அவனுக்கு முந்திக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயை விலக்கிவிட்டு என்னிடம் சொன்னான்: "டேய் அசோகா, வூட்டு வாசல்ல எட்த்த பாட்ட சுடுகாட்டு கேட்டு வரிக்கும் நீயேதான் பாடணும். நடுவுல நின்னுட்டன்னா அந்த எதிர்செட்டு திருமுருகன் வந்து எட்த்துக்குவான். அவன் வாய்ல என் பேரு வரக்கூடாது, சொல்லிட்டேன்." எங்கள் வழக்கம் உனக்குத் தெரியும். பாடுகிறவன் பாட்டைக் கைவிட்டால் தூக்குகிறவர்களும் நிற்பார்கள், வேறொருவன் பாட்டை எடுத்தால்தான் பாடை நகரும். நான் நின்றால் அவனை நடுரோட்டில் விட்ட மாதிரி. கையில் அடித்துச் சத்தியம் பண்ணிவிட்டேன்.

இப்போது உன் மகள் செய்ததைக் கேள். பகலில் கண்டெய்னர் யார்டில் கேட் பாஸ் போடுகிறாள், ஒரு குறையும் இல்லை. சாயந்திரம் ஆனால் லேப்டாப்பைக் கீபோர்டில் சொருகிக்கொண்டு, ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் நடுவில் என்ன இருக்கிறது என்று நோண்டுகிறாள். நடுவில் என்ன இருக்கும், சந்துதான் இருக்கும். "மாமா, கடையில விக்கிற கீபோர்டுல எல்லா சுரத்தையும் கொஞ்சம் கொஞ்சம் கோணலாக்கி வெச்சிகிறான். அப்பதான் எந்த ஸ்கேலுக்குத் தாவுனாலும் ஒரே மாரி கேக்கும். நான் ஒவ்வொரு கார்டையும், மூணு சுரத்த ஒண்ணா அமுக்குறமே அத, சுத்தமா சேக்குறேன்" என்றாள். ஒரு மாசம் வீடே பேஜார். கீழ்வீட்டு ரசூல் பீவி ஏறி வந்து, தண்ணி மோட்டார் ரிப்பேரா என்று கேட்டுவிட்டுப் போனார். ஆனால் பொய் சொல்லக் கூடாது, அவள் ஒரு கார்டை அமுக்கிப் பிடித்தால் அது நடுங்காமல் நின்றது. அதில்தான் நான் ஏமாந்தேன்.

புதன்கிழமை மூன்று மணி வெயிலில் கிளம்பினோம். மீன்பாடி வண்டியில் பேட்டரி, ஸ்பீக்கர் பாக்ஸ், கீபோர்டு, மகிழினி. எங்கள் செட்டு ரஷீது கழுத்தில் ஆர்மோனியம். திருமுருகன் துக்கத்துக்கு வந்தவன் மாதிரி பக்கத்திலேயே நடந்தான், சட்டைப் பையில் சொந்த மைக். பாட்டுக்கு நாலே கார்டு, நாலாவது முடிந்தால் முதல் கார்டுக்கே திரும்பும், அது ஒரு சுற்று. கொஞ்ச தூரம் மேளம், அப்புறம் அடுத்த சுற்று. முதல் சுற்றில் குறையில்லை. இரண்டாவதில் ஆர்மோனியம் கீபோர்டோடு ஒட்டாமல் ரஷீதின் முகம் கோணியது. மூன்றாவதில் ஆர்மோனியத்தை ஓங்கித் தட்டினான். நாலாவதில் "இன்னாபா, தண்ணி பூந்துச்சா இதுல?" என்று அதைக் கவிழ்த்து உலுக்கினான். ஐந்தாவது முடிந்ததும் ஆத்திரத்தில் ஒரு கட்டை கீழே தள்ளிக் கையை வைத்தான், கச்சிதமாகப் பொருந்திவிட்டது! அவன் சந்தோஷம் ஒரு சுற்றுகூடத் தாங்கவில்லை, மறுபடி கோணல். பத்தாவது முடிந்ததும் இன்னொரு கட்டை இறங்கினான். அழுதுகொண்டிருந்த கிருஷ்ணப்பன் பெண்டாட்டி கெங்கம்மாவே தலையைத் தூக்கி, "யண்ணா, அவரே இன்னும் குழில எறங்கல, பாட்டு இன்னாத்துக்கு முன்னாடியே எறங்குது?" என்று கேட்டுவிட்டாள். என் மானம் போய்விட்டது. பதினைந்தாவது சுற்று முடிகிற இடத்தில் மூலக்கொத்தளம் சுடுகாட்டு கேட். வீட்டு வாசலில் எடுத்ததற்கு மூன்று கட்டை கீழே, ஏதோ முனகி முடித்தேன். திருமுருகன் என் காதருகே வந்து, "தலீவரே, பாட்டா லிப்டா?" என்றான்.

மறுநாள் அவளை நிற்கவைத்துக் கேட்டேன். "மாமா, ஒரு கார்டுலேர்ந்து அடுத்ததுக்குப் போறப்போ ரெண்டுத்துக்கும் பொதுவா கீற சுரத்த அசைக்காம புட்சிகினு மத்தத அதுக்குச் சேக்குறேன். ஒவ்வொண்ணும் சுத்தம். ஆனா நாலும் சுத்தி வூட்டுக்கு வந்தா, வூடு ஒரு இழ கீழ எறங்கி கீது. கணக்கே அப்டிதான். வேணும்னா அந்த இழய நடுவுல எங்கனா மறைக்கலாம்" என்றாள். மறைத்துத் தொலைக்க வேண்டியதுதானே என்று கத்தினேன். அவள் ஒயரைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். திமிர். உன் வளர்ப்பு.

மாமாவுக்கு என் வணக்கத்தைச் சொல். அவரைக் கழிமுகத்துப் பக்கம் காற்று வாங்கப் போக வேண்டாம் என்று சொல், அங்கே வாங்குவதற்குக் காற்று இல்லை. உன் கால் வலி விட்டு, எல்லாரும் நல்லபடி இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
அன்புத் தம்பி
அசோகன்

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன், முந்தாநாள் ரஷீது வந்தான். "ஒம்போதாவது சுத்துல ஒன் கழுத்து நரம்ப பாத்தேன்டா. எடுத்த கட்டையிலயே பாடியிருந்தா அங்கயே வுயுந்திருப்ப" என்றான். யோசித்தேன், உண்மைதான். மகிழினியிடம் கேட்டேன். பீரோவில் துணிக்கு அடியில் நான் ஒளித்து வைத்த எக்ஸ்ரேயை அவள் இரண்டு மாசம் முன்பே பார்த்திருக்கிறாள். வீட்டில் நான் பாடிப் பழகும்போது எந்தச் சுற்றில் எனக்கு மூச்சு எவ்வளவு குறைகிறது என்று எழுதி வைத்திருக்கிறாள். "ஒரேடியா கட்டைய கொறச்சா நீ ஒத்துக்க மாட்ட மாமா. அதான் மறைக்காம வுட்டேன், இழ இழயா எறங்கட்டும்னு" என்றாள். அக்கா, கிருஷ்ணப்பனுக்கு வந்ததுதான் எனக்கும். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல்தான் ஒரு பக்கம் அவளைத் திட்டி எழுதினேன். அழாதே. ஞாயிற்றுக்கிழமை வர வேண்டாம், பிள்ளை இங்கேயே இருக்கட்டும். என் முறை வரும்போது என் பாடைக்கு முன்னால் பாட எங்கள் செட்டில் வேறு தொண்டை இல்லாததால், நேற்று வெட்கத்தை விட்டுத் திருமுருகன் வீட்டுக்கே போய்க் கேட்டேன். அவனும் எங்களோடு அதே குட்டையில் வாரினவன்தான். ரொம்ப நேரம் இருமிவிட்டு, "பாடுறேன்டா. ஆனா பாப்பாவே வந்து வாசிக்கட்டும். எனக்கும் இப்பல்லாம் தொண்ட மேல போவல" என்றான்.